கரிசலிலிருந்து கல்லூரி வாசல் எவ்வளவு தூரம்

இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடித்தவரில்லை. 1980-களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து, வருகைதரு பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது. கரிசல் வட்டாரத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்படவேண்டிய செய்திதான். ஆனால் மாணவராக நுழைய முடியாத வாசலுக்கு அறுபது வயது கடந்து பேராசிரியராக ஒருவர் வந்து சேர்ந்தார் என்றால், அவருக்கும் அந்த வாசலுக்கும் நடுவே அரை நூற்றாண்டு கிடந்தது என்றும் அர்த்தம். கி.ரா. தேர்ந்துகொண்டது எழுத்து. அதைத் திண்ணையில் உட்கார்ந்தும் தோட்டத்தில் நின்றும் கற்றுக்கொள்ளலாம். மருத்துவத்தையும் பொறியியலையும் அப்படிக் கற்க முடியாது. பதினெட்டு வயதில் வாசல் மூடியிருந்தால் அது பெரும்பாலும் மூடியதுதான். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வாசல் திறந்தும் மூடியும் வந்த நூறாண்டுக் கதையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் திட்டங்களால் அந்த வாசல் பெரிதாகத் திறந்துவிடவில்லை. அளவுகோல் பிள்ளையின் சொந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் திறந்தது. அந்த அளவுகோல் நகரத்தில் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கான காலத்தில் மூடியது.

விளாத்திகுளம் வைப்பாற்றங்கரை ஊர். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் ஓடும் ஆறு அது. சுற்றிலும் மானாவாரிக் கரிசல்: பருத்தி, மிளகாய், உளுந்து, கம்பு, மழை பொய்த்த வருஷத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பு. கிழக்கே போனால் வேம்பாறும் வைப்பாறும், முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பழைய ஊர்கள். அந்தக் கரைக்கு எழுத்து சீக்கிரமே வந்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கினார். 1586-இல் புன்னைக்காயலில் தமிழ்ப் புத்தகம் அச்சானது. கோவிலை ஒட்டிப் பள்ளியும் கடற்கரை ஊர்களில் மெல்ல வேர்விட்டது. உள்நாட்டுக் கரிசலுக்கு அதுவும் இல்லை. 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, ஜமீனில் செல்வாக்கோடு இருந்த அப்பாவின் மகன். அவருக்கே திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. ஜமீன் நிலத்தில் பாடுபட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலி என்பது வேறு உலகம். மாகாணம் முழுவதும் அப்போது யார் மேலே போனார்கள் என்பதற்கு 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை ஒரு கணக்குத் தருகிறது: 1913-இல் நிரந்தரப் பதவியில் இருந்த மாவட்ட முன்சீப்புகள் 128 பேர், அவர்களில் பிராமணர் 93 பேர், பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர். பட்டப்படிப்பைத் தாண்டினால்தான் முன்சீப் ஆக முடியும் என்பதால், இது வேலையைப் பற்றிய கணக்கு மட்டுமில்லை, கல்லூரி வாசலைப் பற்றிய கணக்கும்கூட.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் பிறந்த வகுப்புவாரி உத்தரவும், 1927-இல் முத்தையா முதலியார் அதற்குக் கொடுத்த திட்டமான வடிவமும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்தவை. அதே முறை கல்லூரி இடங்களுக்கும் வந்தது. 1950 வாக்கில் மருத்துவக் கல்லூரியில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று சுழற்சி. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் இதைச் செல்லாதென்றது; சென்னையில் கிளம்பிய எதிர்ப்பின் வேகத்தில் அதே வருஷம் ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு பிறந்தது. (செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.) இந்தக் கதையை எல்லோரும் சாதியைப் பற்றிய கதையாக மட்டும் சொல்கிறோம். அதே தீர்ப்பில் பலரும் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இருந்தவை மொத்தம் 330 இடம். வெளிமாநிலத்தாருக்கு 17, அரசின் விருப்பத்துக்கு 12 போக, மிச்சத்தை மாவட்டங்களின் நான்கு தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதாவது, எந்த வகுப்பிலிருந்து வருகிறாய் என்று கேட்ட அரசு, எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்றும் கேட்டது. முதல் கேள்வி நூற்றாண்டு முழுக்கச் சண்டையாகி, திருத்தமாகி, கடைசியில் நிலைத்தது. இரண்டாவது கேள்வி சத்தமில்லாமல் செத்துப்போனது. கரிசலுக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

அது எப்படிச் செத்தது என்று சொல்லும் முன் எட்டயபுரத்துக்குப் போகவேண்டும். 1947-இல் அங்கே பாரதி மணிமண்டபத்தை ராஜாஜி திறந்துவைத்தார். முதலமைச்சராக அவர் 1953-இல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, மறுவருஷம் பதவிக்கு வந்த காமராஜர் ஆட்சி கைவிட்டது. 1956-இல் அதே எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கிவைத்தார். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-லேயே இதற்கு முன்னோடி இருந்தது. ஆனால் ஒரு மானாவாரிப் பூமியில், கஞ்சிக்கு வழியில்லாமல் ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளை நினைத்து, மாகாணம் தழுவிய திட்டமாக அது உருக்கொண்டது இங்கேதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்க்காரர்களைக் கூட்டி அரிசியும் காசும் திரட்டினார். செலவில் ஒரு பங்கு ஊருடையது, பெரும்பங்கு அரசினுடையது. ஊருக்கு ஊர் பள்ளி, பிறகு இலவசக் கல்வி, சீருடை என்று அடுத்தடுத்து வந்தன. கல்லூரி வாசலைப் பற்றிய கட்டுரையில் தொடக்கப் பள்ளிச் சோற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பத்தி இதுதான் என்பது என் எண்ணம்.

காரணத்தைச் சொல்ல இந்தக் கரையின் தொழில் ஒன்றே போதும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961-இல்) எந்தச் சிப்பிக்குள் முத்து இருக்கிறதென்று ஓட்டைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. குளிப்புக்கு முன் அரசு அதிகாரிகள் பார்களை, அதாவது கடலடிச் சிப்பிப் படுகைகளை, சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை அள்ளிவந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, பார் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வார்கள். தேறினால் சிப்பிகளைக் கூறு கூறாகக் குவித்து ஏலம் விடுவார்கள். முழுக்க முழுக்க முத்துக்காகவே நடந்த தொழிலில்கூட, சிப்பியைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து எடுப்பது என்ற பேச்சே கிடையாது. பார் வளமாக இருந்தால் முத்து உண்டு. பார் அழிந்தால் பல வருஷத்துக்குக் கடல் வெறுங்கடல். பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்து பழகிவிட்டோம். ஏழு வயதிலும் பத்து வயதிலும் ஓட்டைப் பார்த்துக் கெட்டிக்காரர்களைப் பிரித்தெடுத்துவிடலாம் என்று நம்புகிறோம். எட்டயபுரத்துச் சோறு யாரையும் பிரிக்கவில்லை. வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் உட்காரவைத்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் தாசில்தார்களும் பிறகு வந்தது அந்தப் பந்தியிலிருந்துதான்.

இனி ஊர் என்ற கேள்வி செத்த கதை. மதராஸ் அரசு மருத்துவ இடங்களை ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகைக்கும் ஏற்பப் பங்கிட்டு வந்தது. பி. ராஜேந்திரன் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு முடிவுகளைச் சொன்னது. சாதிவாரியான பின்தங்கியோர் பட்டியல் செல்லும். மாவட்டவாரிப் பங்கீடு செல்லாது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மார்க் வாங்கியவருக்கு இடம் கிடைத்து, இன்னொரு மாவட்டத்தில் கூடுதலாக வாங்கியவர் வெளியே நிற்க நேரும் என்பது அதற்குக் காரணம். 1975-இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் மலைப்பகுதிகளுக்கான ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், கிராமப்புறத்துக்கான ஒதுக்கீட்டைத் தள்ளிவிட்டது. 2001-இல் தமிழ்நாடு அரசு கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கென்று 25 சதவீதம் ஒதுக்க முயன்றபோது சென்னை உயர் நீதிமன்றம் அதையும் ரத்துசெய்தது. நீதிமன்றத்தின் கவலை புரியாததில்லை. கூட்டிப்பார்த்தால் மார்க் மார்க்குத்தான். ஆனால் அந்த மார்க் எங்கே, எதைக் கடந்து வாங்கப்பட்டது என்பதை அளக்க ஒரு கோலும் இல்லாமல் போனது. மலையில் பிறந்தால் தூரம் தெரிகிறது. சமதளத்தில், பருத்திக்காட்டுக்கு நடுவில் பிறந்தால் தூரம் கண்ணுக்குப் படுவதில்லை. மாவட்டம் என்ற அலகு மிச்சமிருப்பது ஊரகத் திறனாய்வுத் தேர்வு போன்ற சிறு உதவிகளில்தான். அதில் மாவட்டத்துக்கு 50 ஆண் பிள்ளைகள், 50 பெண் பிள்ளைகள் தேர்வாகிறார்கள். ஆண்டுக்கு 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாயைப் பங்கிடும்போது நியாயமாகத் தெரிகிற முறை, மருத்துவ இடத்தைப் பங்கிடும்போது அநியாயமாகிவிடுவது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. டெக்சாஸில் இனத்தைக் கணக்கில் எடுத்து மாணவர் சேர்ப்பதை 1996-இல் ஒரு நீதிமன்றம் தடுத்தது. 1997-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் வேறு வழி பார்த்தது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிற மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. அதற்கு முன் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒருவரைக்கூட அனுப்பியிராத பள்ளிகளிலிருந்தும், எல்லைப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் மட்டுமின்றி ஏழை வெள்ளைப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்ததால்தான் அந்தத் திட்டம் பலித்தது என்கிறார்கள், உண்மைதான். நம்முடைய பள்ளிகளும் ஊர்வாரியாக, காசுவாரியாக, பல இடங்களில் சாதிவாரியாகவும் பிரிந்துதானே கிடக்கின்றன? 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை முடக்கிய பிறகு, அங்கே இப்போது பலரும் திரும்பிப் பார்ப்பது டெக்சாஸைத்தான். 1968-இல் நம் நீதிமன்றம் மூடிய வழிக்கு ஏறக்குறைய பக்கத்து வழி அது.

கரிசலில் 1968-க்குப் பிந்தைய காலம் கடினமானது. 1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வந்தபோது, புகுமுக வகுப்புக்காகக் கல்லூரி நகரத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் போய், பிளஸ் டூ படிப்பு வட்டார ஊர்களுக்கே வந்தது. நல்ல மாற்றம் அது. ஆனால் அதே வருஷங்களில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, ஏற்றிக்கொண்டு போயின. அதைத் தப்பிப் பிளஸ் டூ வரை வந்தவர்களுக்கு 1984 முதல் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு காத்திருந்தது. பாடப் புத்தகம் பள்ளியில் கிடைத்தது. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நகரத்தில் கிடைத்தது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து நுழைவுத் தேர்வு நீங்கியபோது, அளவுகோல் மறுபடி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் படிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. பொறியியலைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டு கரிசலுக்கு உண்மையிலேயே வாசல் திறந்த காலம். ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும்: நுழைவுத் தேர்வு இல்லாத அந்த வருஷங்களிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போனது சொற்பம். மனப்பாடத்தைக் காசுக்கு விற்ற தனியார் உறைவிடப் பள்ளிகள் பிளஸ் டூ மார்க்கையும் ஒரு சரக்காக்கிவிட்டிருந்தன. அளவுகோலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அது எந்தப் பள்ளி என்றும் பார்க்கவேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கவேண்டிய பாடம்.

2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கான நாடு தழுவிய நுழைவுத் தேர்வான நீட் தமிழ்நாட்டுக்கு வந்தபோது அளவுகோல் முழுசாக நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா, உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டும் இடமின்றி, அந்தச் செப்டம்பர் முதல் தேதி உயிரை மாய்த்துக்கொண்டாள். 2018-இல் நீட்டின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கச் சொன்ன 196 மார்க்கை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த கணக்கு இன்னும் வெளிச்சமானது: அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3081 பேரில், கோச்சிங் போகாமல் வந்தவர்கள் 48 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒரு தேர்வு அறிவை அளக்கிறதா, கோச்சிங்கை அளக்கிறதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. விளாத்திகுளத்துப் பிள்ளை அந்தக் கோச்சிங்குக்குக் குறைந்தது கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பஸ் ஏறவேண்டும். நல்லது என்று பேர் வாங்கியதுக்கு இன்னும் தூரம், லட்சக்கணக்கில் பணம், பெரும்பாலும் ஒரு வருஷமும் கூடுதலாக. மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிற வீட்டில் அந்த ஒரு வருஷத்துக்கு விலை உண்டு.

2020-இல் நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கியது. அதுவரை அரசுப் பள்ளிகளிலிருந்து விரல்விட்டு எண்ணும்படி போய்க்கொண்டிருந்த இடத்தில், முதல் வருஷமே மருத்துவமும் பல் மருத்துவமுமாகச் சுமார் 400 இடம். 2021-இல் அதே 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்தச் சட்டம் ஊர் என்ற பழைய கேள்வியை நேராகக் கேட்கவில்லை. எந்தப் பள்ளி என்று கேட்கிறது. ஆனால் கரிசல் கிராமத்தில் அரசுப் பள்ளி என்பதும் ஊர் என்பதும் கிட்டத்தட்ட ஒன்று. 1968-இல் முன்வாசல் வழியாக வெளியே போனது, பக்கவாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

தகுதி என்ன ஆவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். முதலாவது, 1951 முதல் பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்கி, 69 சதவீதம் வரை போன மாநிலம் இது. அந்தக் கல்லூரிகளில் படித்த மருத்துவர்கள்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துகிறார்கள். 2020-இல் ஆயிரம் பிறப்புக்கு இந்தியா முழுவதும் 28 சிசுக்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் இறந்தவை 13. இதற்குப் பல காரணம் உண்டு. எல்லாப் புகழும் இடஒதுக்கீட்டுக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இடஒதுக்கீடு மருத்துவத்தைக் கெடுத்துவிட்டது என்ற வாதம் இந்த எண்ணைக் கடந்து போக முடியாது. இரண்டாவது, தகுதி வரம்பு தெய்வவாக்கு என்றால் 2023-இல் முதுநிலை மருத்துவத்தில் காலி இடங்களை நிரப்ப அதை ஒன்றிய அரசு பூஜ்ஜியத்துக்கே இறக்கியிருக்க முடியாது. இடம் காலியாகக் கிடந்தால் வளைகிற கோல், கிராமத்துப் பிள்ளைக்காகவும் கொஞ்சம் வளையலாம். ஒதுக்கீட்டின் பலனை முன்னேறிய சில சாதிகளே எடுத்துக்கொள்கின்றன என்பது இன்னொரு வாதம். இதை 1970-இலேயே சட்டநாதன் குழு சொல்லிவிட்டது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம், 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு என்று அதற்கு மருந்தும் தேடப்பட்டது. வாதம் சரி, அதிலிருந்து கிடைக்கிற முடிவு கதவை மூடு என்பதாக இருக்க முடியாது. இன்னும் நுணுக்கமாகப் பிரி, சாதியோடு ஊரையும் சேர் என்பதுதான்.

இந்த வாதங்களில் வலுவானது நவோதயா பள்ளிகளைப் பற்றியது. 1986 கல்விக் கொள்கையின்படி மாவட்டத்துக்கு ஒன்றாக, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்து எடுத்து, உண்டு உறைவிடத்தோடு படிக்கவைக்கிறார்கள். இந்தியை எதிர்த்துத் தமிழ்நாடு அதை மறுத்ததால் நம் பிள்ளைகள் இழந்தார்கள் என்கிறார்கள். இழப்பே இல்லை என்று சாதிக்கமாட்டேன். நல்ல ஆசிரியர், மூன்று வேளைச் சோறு, இரவில் படிக்க விளக்கு எல்லாம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்பதை அந்தப் பள்ளிகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாடு அரசே இப்போது மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகளை நடத்தி ஐஐடிக்கும் மற்ற பெரிய நிறுவனங்களுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறது. மகிழவேண்டிய காரியம்தான். ஆனாலும் ஒரு நவோதயா ஆண்டுக்கு எடுப்பது 80 பேர். பத்து வயதில் ஓட்டைப் பார்த்து எடுக்கும் 80 சிப்பிகள் அவை. மாவட்டத்தின் மீதிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இடம் காலியாகவே இருந்தால், அந்த 80 பேரை வைத்து மாவட்டம் முன்னேறியதாகக் கணக்கெழுதுவது பார் அழிந்த கடலில் ஏலம் போடுவதற்குச் சமம்.

7.5 சதவீதச் சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்து ஆண்டுக்குள் அதை மறுஆய்வு செய்யவும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தவும் சொன்னது. அந்த ஆய்வு எதை எண்ணவேண்டும் என்பதில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாநிலத்துக்கு மொத்தம் இத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல் ஒன்றியவாரியாக எண்ணவேண்டும். விளாத்திகுளம் ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர், புதூரிலிருந்து எத்தனை பேர், வேம்பாற்றிலிருந்து எத்தனை பேர். அவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை, அருந்ததியர் எத்தனை, மீனவ வீட்டுப் பிள்ளைகள் எத்தனை. எந்த மேல்நிலைப் பள்ளியிலிருந்து சட்டம் வந்த நாள் முதல் ஒருவர்கூடப் போகவில்லை, அங்கே எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை. 1950-இல் மருத்துவ இடங்களைப் பங்கிட்ட அதிகாரிகள் மாவட்டத்தைக் கணக்கில் வைத்திருந்தார்கள். இன்றைய அரசிடம் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பள்ளியும் கணினியிலேயே இருக்கின்றன.